அபுதாபிக்குப் போகும் சான்றிதழ்: எந்த முத்திரை, எந்த வரிசையில்?

திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மெக்கானிக்கல் இன்ஜினீயர், அபுதாபியில் வேலை கிடைத்திருக்கிறது. டிகிரி சான்றிதழை அட்டெஸ்டேஷன் செய்து, அதாவது அது உண்மையானது என்று அரசு முத்திரைகள் வாங்கி, கொண்டுவரச் சொல்கிறது கம்பெனி. ஆறு மாதத்தில் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் கோவிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஒரு ஏஜென்ட் "அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன்" என்கிறார், இன்னொருவர் "அது அங்கே செல்லாது, எம்பஸி அட்டெஸ்டேஷன்தான் வேண்டும்" என்கிறார். இரண்டும் ஒன்றா, யார் சொல்வது சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் அவர் கேள்வி.

தம்பி, இரண்டாமவர் சொல்வதுதான் சரி. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அப்போஸ்டில் எடுபடாது. முதல் ஏஜென்ட்டிடம் உங்கள் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

அப்போஸ்டில் என்றால் என்ன என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பிறகு வராது. 1961 அக்டோபர் 5 அன்று தேதியிட்ட ஓர் உடன்படிக்கை ஹேக் நகரில் உருவானது. உறுப்பு நாடு ஒன்று தன் அரசுக் காகிதத்தில் குறிப்பிட்ட வடிவில் ஒரு சான்றை ஒட்டிக் கொடுத்தால், மற்ற உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சான்றுக்குப் பெயர் அப்போஸ்டில். எந்த நாட்டில் வாங்கினாலும் எண் போட்ட அதே பத்து வரிகள் இருக்கும்: எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவி, யாருடைய முத்திரை, எந்த ஊர், என்ன தேதி என்று போகும். தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. போடுவது வெளியுறவு அமைச்சகம். அரசுக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்.

வளைகுடாவின் ஆறு நாடுகளில் பாதி இந்த உடன்படிக்கைக்குள் இருக்கின்றன, பாதி வெளியே. ஓமனில் 2012-லும் பஹ்ரைனில் 2013-லும் நடைமுறைக்கு வந்தது. சவுதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7-லிருந்து. அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் சேரவில்லை. சவுதிக்குப் போன உங்கள் நண்பர் "அப்போஸ்டில் போட்டேன், வேலை முடிந்தது" என்று சொன்னால் அவர் வரையில் அது சரி. உங்களுக்குப் பொருந்தாது.

உறுப்பு நாடாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இரண்டு நாடும் உடன்படிக்கையில் இருந்தும், ஒன்றுக்கொன்று அப்போஸ்டில் செல்லாது. இங்கிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வேறு வழி: 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்ற சரிபார்ப்புச் சான்று வாங்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிகிரியின் பின்னால் அப்போஸ்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதுதான் மிச்சம். எந்த நாட்டுக்கு என்றாலும், அங்கே காகிதத்தை வாங்கும் ஆளிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காத காகிதத்துக்கு முத்திரை வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2011-ல் நான் துபாய் போனபோது முத்திரை போட்ட என் டிகிரி சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பின்பக்கம் இடது மேல் மூலையில் ஊதா மையில் மாநில அரசின் முத்திரை. அதன்மேல் பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. வலது பக்கம் அமீரகத் தூதரகத்தின் ஸ்டிக்கர். கடைசியாக, இடம் போதாமல் கொஞ்சம் சாய்த்து ஒட்டிய இன்னொரு ஸ்டிக்கர். அது துபாயில் போட்டது, அமீரக வெளியுறவு அமைச்சகத்துடையது. அதை அங்கே எல்லாரும் மோஃபா என்பார்கள்.

இந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான் நான் படித்தேனா என்று விசாரித்த முத்திரை. அது மாநில அரசுடையது. பல்கலைக்கழகம் கொடுத்த உண்மைத்தன்மைச் சான்றிதழை வைத்துப் போட்டார்கள். மற்ற மூன்றும் தனக்கு முன்னால் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தவை. மாநில அரசில் கையெழுத்திடும் அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கிறது. அமைச்சகத்து அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து அமீரகத் தூதரகத்திடம் இருக்கிறது. தூதரகத்து அதிகாரியை மோஃபாவுக்குத் தெரியும். உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை அபுதாபியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்ட, அவர் இன்னொருவரைக் கைகாட்ட, அப்படியே கடல் தாண்டிப் போகிறது காகிதம். நடுவில் ஒருவரை விட்டுவிட்டு நேராகத் தூதரகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். காகிதத்தில் எழுதியிருப்பதற்கு வெளியுறவு அமைச்சகம் பொறுப்பேற்பதில்லை. அப்போஸ்டிலும் அப்படித்தான், கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மட்டுமே அது சாட்சி. சான்றிதழில் உங்கள் பெயர் தப்பாக இருந்தால் நான்கு முத்திரையும் அந்தத் தப்பான பெயருக்கே விழும். அங்கே போய் விசா போடும் நேரத்தில்தான் அது வெளிச்சத்துக்கு வரும். அதனால் முத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் இருக்கிற தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளியில் ஆர். கார்த்திகேயன், கல்லூரியில் கார்த்திகேயன் ஆர், பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் ராமசாமி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்று ஆள். உங்கள் பாஸ்போர்ட், டிகிரி, மனைவியின் பாஸ்போர்ட், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மனைவி பெயர் லட்சுமி என்றால் ஒன்றில் எல்-ஏ-எக்ஸ்-எம்-ஐ என்றும் இன்னொன்றில் எல்-ஏ-கே-எஸ்-ஹெச்-எம்-ஐ என்றும் இருக்கும். நாம் வாயால் படிக்கும்போது இரண்டும் ஒன்றுதான், அதனால் கண்ணில் படாது. ஒருவரை விட்டு உரக்க எழுத்துக்கூட்டச் சொல்லி, நீங்கள் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

டிகிரியில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் இருப்பது பெரும்பாலும் ஓடிவிடும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் முழுசாக இருக்கும் டி.சி.யையும் தேடி எடுத்து வையுங்கள், கேட்டால் காட்டலாம். எழுத்தே மாறியிருந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது, மூலக் காகிதத்தைத் திருத்தத்தான் வேண்டும்.

உங்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கினார்கள். ஆனாலும் மனைவியும் குழந்தையும் எந்த விசாவில் முதலில் இறங்குவார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால் முதல் தடவையே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது லேமினேஷன். நம் வீடுகளில் சான்றிதழ் வந்த மறுநாளே லேமினேட் செய்துவிடுவார்கள். என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை அப்பா அப்படித்தான் செய்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை, எட்டு ரூபாய். பெருமையோடு செய்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக் மேல் முத்திரை பிடிக்காது, அரசு ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டவும் மாட்டார்கள். லேமினேட் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒருவர் பேச்சைக் கேட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து இளக்கி உரித்தேன். முன்பக்கம் நன்றாக வந்தது. பின்பக்கம் பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் வந்துவிட்டது, கூடவே தலைமையாசிரியர் கையெழுத்தில் பாதியும். பிறகு பள்ளி வழியாக விண்ணப்பித்து நகல் வாங்கினேன். அதற்குள் ஒரு வேலை கைநழுவிப் போனது. உங்களுடையது லேமினேட் ஆகியிருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். உரித்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் பல்கலைக்கழகத்தில் நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

டிகிரி என்று சொல்லும்போது பட்டமளிப்புச் சான்றிதழைச் சொல்கிறேன். பலர் புரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு கன்வொகேஷன் சான்றிதழை வாங்காமலே பல வருடம் ஓட்டிவிடுவார்கள். அது போதாது. அண்ணா பல்கலைக்கழகமோ வேறு எதுவோ, பட்டச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். அப்புறம் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்ததும் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் முத்திரை. ஏஜென்ட்டுகள் ஹெச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன் என்று சொல்வது இதைத்தான். இந்த முழு வேலையிலும் நாள் பிடிப்பது இந்தக் கட்டம்தான். இதை முதலில் நகர்த்திவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு, ஏஜென்ட்டுகள் அதைத்தான் விற்பார்கள். மாநில அரசுக்குப் பதிலாக டெல்லியில் ஒரு எஸ்.டி.எம். (கோட்ட மாஜிஸ்திரேட்) கையெழுத்தை வாங்கி, அதன்மேல் வெளியுறவு அமைச்சக முத்திரையைப் போட்டுக் கொடுப்பார்கள். சீக்கிரம் முடியும், அமைச்சகமும் ஏற்கும். ஆனால் டிகிரிக்கு மாநில முத்திரைதான் வேண்டும் என்று சில தூதரகங்கள் கேட்கும். என் சித்தப்பா மகன் குவைத்துக்குப் போகும்போது அவனிடம் எதுவும் சொல்லாமல் ஓர் ஏஜென்ட் இப்படிச் செய்துவிட்டார். தூதரகத்தில் திருப்பிவிட்டார்கள். முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க நாலு மாதம் ஆனது. பின்பக்கம் அந்த எஸ்.டி.எம். முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது, அழிக்க வழியில்லை. ஏஜென்ட்டிடம் கொடுப்பதில் தப்பில்லை. திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டு சென்னைக்கும் டெல்லிக்கும் அலைய எல்லாராலும் முடியாது. ஆனால் கொடுக்கும்போதே "ஹெச்.ஆர்.டி.யா, எஸ்.டி.எம்.மா?" என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரிஜினலைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் எடுங்கள்.

வெளியுறவு அமைச்சகக் கட்டம் எளிது. 2012-லிருந்து அவர்கள் நேரடியாக ஆட்களிடம் வாங்குவதில்லை. அவர்கள் அங்கீகரித்த நிறுவனங்களின் சேவை மையத்தில் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் எல்லாம் டெல்லி பாட்டியாலா ஹவுஸ்தான். 2019 ஜனவரியிலிருந்து சென்னை உட்படப் பதினைந்து ஊர்களில் செய்கிறார்கள். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை, சேவை மையத்தின் சிறு தொகைதான். எந்த நிறுவனங்கள் என்பதும் எவ்வளவு என்பதும் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஏஜென்ட் சொல்லும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில் பெரும்பகுதி தூதரகத்துக்கும் மோஃபாவுக்கும் போகும், அது யார் செய்தாலும் குறையாது. மிச்சம் ஏஜென்ட்டின் அலைச்சல் கூலி. அதில்தான் நீங்கள் பேரம் பேச முடியும்.

இனி குடும்பத்துக் காகிதம். கோவிலில் கொடுக்கும் திருமண ரசீது வெளிநாட்டில் செல்லாது. மாநில அரசு முத்திரையே போடாது, ஏனென்றால் கோவில் அலுவலரின் கையெழுத்து அவர்கள் பதிவில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். கல்யாணமாகி வருடங்கள் ஆனாலும் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். கல்யாணப் பத்திரிகை, இருவரின் வயதுக்கும் முகவரிக்கும் ஆதாரம், சாட்சிகள் வேண்டும். விண்ணப்பத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடுகிறபடி எழுதாதீர்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். பதிவுக்கு நீங்கள் இருவரும் நேரில் வர வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் இதற்காக லீவு கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

பதிவானதும் சான்றிதழைத் தலைமைச் செயலகம், வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று அதே வரிசையில் அனுப்புங்கள். பல்கலைக்கழகச் சரிபார்ப்பு இதற்குக் கிடையாது என்பதால் டிகிரியைவிட வேகமாக முடியும்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று. ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம், கட்டம் காலியாகவே இருக்கும். அதைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் கிடையாது. அப்புறம் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். உங்கள் குழந்தைக்கு இப்போதுதான் ஒரு வயது என்கிறீர்கள், இந்த வாரமே பாருங்கள். பெற்றோர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டுகளோடு பொருந்த வேண்டும். எழுத்து மாறியிருந்தால் பிறப்பைப் பதிவு செய்த பதிவாளரே திருத்த முடியும், 1969-ம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய, கியூ.ஆர். கோடு உள்ள பிரதி உள்ளூரில் எல்லாவற்றுக்கும் செல்லும். முத்திரைக்கு அனுப்பும்போது பதிவாளர் மையால் கையெழுத்திட்டு முத்திரை வைத்த பிரதி ஒன்றும் கையில் இருந்தால் கேள்வி வராது.

அங்கே இறங்கியபின் மீதி வேலையைப் பெரும்பாலும் உங்கள் கம்பெனியின் பி.ஆர்.ஓ., அதாவது அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் ஆள், பார்த்துக்கொள்வார். மோஃபா முத்திரைக்கு ஒரு காகிதத்துக்கு 150 திர்ஹாம். அப்புறம் அரபியில் மொழிபெயர்ப்பு. நம் ஊரில் செய்துகொண்டு போகாதீர்கள், அங்கே நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அரபியில் உங்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று, படிக்கத் தெரிந்த ஒருவரை விட்டு விசாவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரபியில் ஆங்கில P ஒலிக்கு எழுத்து கிடையாது. பிரபு அங்கே ஆங்கில B ஒலிக்கான எழுத்தில்தான் வருவார். அது பரவாயில்லை, எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி வந்தால் போதும்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் தங்குமிடம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி அங்கே வேலை தேடுவதாக இருந்தால் அவர் டிகிரிக்கும் இதே முழு வரிசை உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஓர் அலைச்சல் மிச்சம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு வருடத்தில் கேட்பீர்கள். ஊரில் நிலம் விற்கவோ வாங்கவோ அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அப்போது இதே சங்கிலி தலைகீழாக ஓடும். அபுதாபியில் இருக்கும் ஒரு நோட்டரியின் கையெழுத்து லால்குடி சார்பதிவாளருக்குத் தெரியாது. இந்தியத் தூதரக அதிகாரியின் கையெழுத்தைப் பதிவுச் சட்டமே ஏற்கிறது. அதனால் அபுதாபியில் இந்தியத் தூதரகத்துக்கோ, துபாயில் இருந்தால் அங்கே உள்ள துணைத் தூதரகத்துக்கோ போய், அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். காகிதம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வந்த கூரியர் உறையை அப்பா தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.